வீட்டுக்கும் தச்சுப் பட்டறைக்கும் ஒரே விறகு பாய்லர்

"விறகுதான் சும்மா கிடைக்கிறதே, பிறகென்ன யோசனை?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிப்புற விறகு பாய்லர் எரிபொருள் செலவைக் குறைக்கும், உழைப்பைக் குறைக்காது. வெட்டவும் பிளக்கவும் அடுக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். அடுத்த ஆண்டு விறகை இந்த ஆண்டே சேர்த்து வைக்கும் பொறுமை வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் புரோப்பேன் எரிவாயுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கவார்த்தா லேக்ஸ் பகுதியில், சமையலறை அலுமாரிகள் செய்யும் தச்சன். ஸ்காபரோவிலிருந்து வந்து குடியேறியது ஒரு பழைய பண்ணை வீட்டில். பின்னால் 30-க்கு 40 அடியில் ஒரு பட்டறை. எங்கள் சாலைக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வரவில்லை. புரோப்பேன் லாரியை நம்பித்தான் குளிர்காலம் ஓடும்.

வெளிப்புற பாய்லர் என்பது பார்வைக்குத் தகரக் கொட்டில் போல் நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே இரும்பு அடுப்பறை, அதைச் சுற்றித் தண்ணீர். ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடான தண்ணீரை ஒரு பம்ப் நிலத்தடிக் குழாய் வழியாக வீட்டுக்கும் பட்டறைக்கும் தள்ளுகிறது. அது சூட்டைக் கொடுத்துவிட்டு 70 டிகிரி அளவில் திரும்பி வருகிறது. இத்தகைய பாய்லர்களில் பெரும்பாலானவை காற்றுக்குத் திறந்தவை, அழுத்தம் ஏறாதவை. எனவே வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

வீட்டுக்குள் வைக்கும் விறகடுப்பைவிட இதை நான் தேர்ந்ததற்குக் காரணம் பட்டறை. மரத்தூள் பறக்கும் இடம், வார்னிஷ் ஆவி நிற்கும் இடம். அங்கே அதே கூரைக்குக் கீழ் ஒரு தீ எரிவதைக் காப்புறுதிக்காரர்கள் ஏற்கமாட்டார்கள். ஏற்றாலும் நான் ஏற்கமாட்டேன். பாய்லர் இருந்தால் தீ வெளியே எரியும், உள்ளே சுடுநீர் மட்டும் வரும். மரப்பட்டை, சாம்பல், விறகோடு வரும் பூச்சி எதுவும் வரவேற்பறைக்கு வராது என்பது என் மனைவி சொல்லும் காரணம்.

முதலில் கணக்கு

பாய்லர் விற்பவர் முதலில் கேட்பது வீட்டின் சதுர அடியை. அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுபவரிடம் வாங்காதீர்கள். அவர் கேட்க வேண்டியது சென்ற குளிர்காலத்தில் நீங்கள் எரித்த எரிபொருளை.

ஒரு லிட்டர் புரோப்பேனில் ஏறக்குறைய 7 யூனிட் வெப்பம் இருக்கிறது. மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான். ஒரு குளிர்காலத்துக்கு 3,500 லிட்டர் செலவாகிறது, வீட்டுக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸின் திறன் 95 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வீடு வாங்கிக்கொள்வது சுமார் 23,000 யூனிட். நன்றாகக் காப்பிட்ட என் அளவுப் பட்டறைக்கு இன்னொரு 10,000. ஆக 33,000 யூனிட்.

இனி விறகுப் பக்கம். இங்கே விறகை அளப்பது கார்டு கணக்கில். புஷ் கார்டு என்றால் நான்கடி உயரம், நான்கடி ஆழம், எட்டடி நீளம்: 128 கன அடி. ஃபேஸ் கார்டு என்றால் முகம் அதே நான்குக்கு எட்டு, ஆழம் மட்டும் ஒரு விறகுத் துண்டின் நீளம், பொதுவாக 16 அங்குலம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. விளம்பரத்தில் வெறுமனே "கார்டு" என்று போட்டு மலிவாக விற்பவரிடம் எது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நன்கு காய்ந்த சர்க்கரை மேப்பிள் ஒரு புஷ் கார்டில் ஏறக்குறைய 7,000 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. நல்ல பாய்லர் அதில் மூன்றில் இரண்டு பங்கை வீட்டுக்குக் கொடுக்கும். 4,700 என்று வையுங்கள். 33,000-ஐ அதால் வகுத்தால் ஏழு புஷ் கார்டு. புகைந்துகொண்டே கிடக்கும் பழைய வகைப் பாய்லராக இருந்தால் அதே வீட்டுக்குப் பன்னிரண்டு தேவைப்படும். அந்த ஐந்து கார்டையும் வெட்டிப் பிளந்து சுமப்பது உங்கள் முதுகுதான். பழைய பாய்லர் மலிவாகக் கிடைக்கிறது என்று மனம் சபலப்படும்போது இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

பாய்லரின் அளவுக்கும் இதே கணக்கே வழிகாட்டும். -25 டிகிரி இரவில்கூட எங்கள் வீடும் பட்டறையும் சேர்ந்து கேட்பது 18 கிலோவாட் அளவுதான், பாய்லர் விற்பவர்கள் பேசும் அளவில் மணிக்கு 60,000 பி.டி.யூ.வுக்குச் சற்று மேல். இரண்டு லட்சம் பி.டி.யூ. பாய்லரைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்பார்கள். நல்லதல்ல. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

எந்த வகை

பழைய வகையில் தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். அடுப்பறை நிறைய விறகு, ஆனால் காற்றில்லை. கரி சுடும் மூட்டம்போல அது மணிக்கணக்கில் புகைந்து கிடக்கும். எரியாத வாயு இரும்புச் சுவரில் குளிர்ந்து கிரியோசோட் என்னும் தாராகப் படியும். மிச்சம் தாழ்ந்த புகையாக அயலவர் வீட்டுக்குப் போகும். பாய்லர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் அது மூடியே கிடக்கும். இந்தப் புகையால்தான் பல ஊர்களில் வெளிப்புற பாய்லருக்கே தடை வந்தது. அமெரிக்காவில் 2020 மே 15 முதல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கடுமையான துகள் வரம்பை எட்டாத புதிய பாய்லரை விற்க முடியாது. கனடாவில் பரிசோதனைக்கான தரம், தர நிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ.வின் பி415.1. தகட்டில் இவை பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாங்க வேண்டியது வாயுவாக்க வகை. மேலறையில் விறகு, ஒரு சிறு விசிறி காற்றை ஊதுகிறது, விறகிலிருந்து வரும் வாயு சூளைக்கல் துளை வழியாகக் கீழறைக்கு இறங்கி அங்கே 1,000 டிகிரி அளவில் எரிகிறது. கீழ்க் கதவைத் திறந்தால் துளையிலிருந்து தீ இரைச்சலோடு பாய்வதைப் பார்க்கலாம் (திறக்கக் கூடாது என்று கையேடு சொல்லும், முதல் வாரம் எல்லோரும் திறந்து பார்ப்பார்கள்). சரியாக எரியும்போது புகைபோக்கியில் வெப்ப அலைதான் தெரியும், புகை தெரியாது.

பணம் இடம்கொடுத்தால் கூடவே ஒரு நீர்த்தாங்கி வையுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் 30 டிகிரி இறங்கும்போது 35 யூனிட் வெப்பம் தரும். கடுங்குளிரில் அது இரண்டு மணி நேரத்துக்குத்தான் காணும். ஆனால் அக்டோபரிலும் ஏப்ரலிலும் வீடு 5 கிலோவாட் மட்டுமே கேட்கும் நாட்களில் ஏழு மணி நேரம் ஓடும். தீயை வேகமாக எரித்து, சூட்டைத் தாங்கியில் சேர்த்துவிட்டு, அணையவிடலாம். மூட்டம் போட வேண்டியதில்லை. தாங்கியை வீட்டின் நிலவறையில் வைத்தால் அதிலிருந்து கசியும் சூடும் வீட்டுக்கே.

இடமும் காகிதமும்

இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். உங்கள் வீடும் அயலவர் வீடும் புகையின் வழியில் வராத இடமாகப் பாருங்கள். விறகு வண்டி பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பிப்ரவரியில் பனி தள்ளும் பாதையில் இருக்க வேண்டும். அழகுக்காகக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், தினமும் முழங்கால் பனியில் நடப்பது நீங்கள்தான்.

ஊராட்சிக்கு ஊராட்சி விதி மாறும். எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை ஏக்கருக்குக் குறைந்தால் கூடாது, கோடையில் எரிக்கலாமா என்பதையெல்லாம் அலுவலகத்தில் கேட்டு, கட்டிட அனுமதி எடுங்கள். நிறுவுவதற்கான விதித்தொகுப்பு சி.எஸ்.ஏ. பி365. காப்புறுதிக்காரர்கள் பெரும்பாலும் விறகடுப்புப் பரிசோதகர்களுக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற ஒருவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பிரச்சினையில்லை" என்று சொன்ன குரல் தீ விபத்துக்குப் பிறகு அகப்படாது. மின்னிணைப்புக்கு மின்பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தனி.

பள்ளமும் குழாயும்

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இதுதான். பாய்லருக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டுக் குழாயில் சிக்கனம் பார்க்கிறார்கள். சாதாரண நுரையைச் சுற்றி, நெளிவுக் குழாய்க்குள் நுழைத்து விற்கும் மலிவுச் சரக்கு ஒன்று உண்டு. அதற்குள் நிலத்தடி நீர் புகுந்தால் பிறகு நீங்கள் சூடாக்குவது மண்ணை. பனி விழுந்த மறுநாள் பாருங்கள்: சிலர் வீடுகளில் பாய்லரிலிருந்து வாசல் வரை பனி உருகிய ஒரு கோடு, பச்சைப் புல்லோடு தெரியும். அந்தக் கோடு அவர்கள் விறகு.

எவ்வளவு விறகு என்று கணக்கிடவும் முடியும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கினால் 70 வாட். ஓரங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். பாய்லரில் 80, வீட்டு வாசலில் 79 என்றால், அந்த ஒரே ஒரு டிகிரியில் 2.1 கிலோவாட் மண்ணுக்குப் போகிறது. இரவு பகலாக ஏழு மாதம் ஓடினால் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல். இரண்டு புஷ் கார்டுக்கும் அதிகம். எனவே குழாயின் இரு முனையிலும் ஒரே மாதிரியான வெப்பமானியைக் கட்டி, வேறுபாட்டைப் பாருங்கள். நல்ல குழாயில் முழு டிகிரி வேறுபாடு தெரியக் கூடாது.

நான் சொல்லும் நல்ல குழாய் இரண்டு வகை. பெக்ஸ் என்னும் சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டைச் சுற்றி மூடிய அறை நுரை ஆலையிலேயே ஊற்றி, மேலே நீர்புகா உறையிட்டு வருவது ஒன்று. பள்ளத்திலேயே குழாய்களைத் தாங்கிகளில் உயர்த்தி வைத்துச் சுற்றிலும் நுரை தெளிப்பது மற்றொன்று. பெக்ஸ் ஆக்சிஜன் புகாத வகையாக இருக்கட்டும். மண்ணுக்கடியில் இணைப்பே வேண்டாம், ஒரே துண்டு. சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில் உறையின் முனையை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் அந்த வழியாகவே நிலவறைக்கு வரும். பட்டறைக்குத் தனிக் குழாய், தனிப் பம்ப். வீட்டைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகும் ஒரே சுற்று வைத்தால் கடைசியில் இருப்பது எதுவோ அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் கிடைக்கும்.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கால் (Ontario One Call) சேவையை அழைத்து, நிலத்தடி மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்து வாங்குவது சட்டப்படிக் கட்டாயம், கட்டணமில்லை. எங்கள் பக்கம் உறைபனி நான்கடி வரை இறங்கும். வாகனம் போகும் பாதைக்குக் கீழே அதற்கும் ஆழமாகப் போவது நல்லது, ஏனென்றால் பனி மூடாத மண்ணில் குளிர் இன்னும் கீழே செல்லும். மின்கம்பிக்கும் உணரிக் கம்பிக்கும் அதே பள்ளத்தில் தனித்தனிக் குழாய் போடுங்கள். மூடுமுன் அளவு நாடாவோடு படம் எடுங்கள்.

வீட்டுக்குள்

ஏற்கெனவே காற்றுக் குழாய் உள்ள ஃபர்னஸ் இருந்தால் வேலை சுருக்கம். ஃபர்னஸின் மேல் பெட்டியில் கார் ரேடியேட்டர் மாதிரியான ஒரு வெப்ப மாற்றியைப் பொருத்தினால், ஃபர்னஸின் விசிறி அதன் வழியாகக் காற்றை ஊதி வீட்டைச் சூடாக்கும். விறகுக்கு ஒரு தெர்மோஸ்டாட், புரோப்பேனுக்கு ஒரு தெர்மோஸ்டாட். முதலாவது 20-இல், இரண்டாவது 16-இல். தீ அணைந்துபோனால் வீடு 16-க்கு இறங்கியதும் புரோப்பேன் தானாக எரியும். பழைய ஃபர்னஸைக் கழற்றி விற்றுவிட நினைக்காதீர்கள்.

குளியல் தண்ணீருக்குத் தகட்டு வெப்ப மாற்றி ஒன்றைச் சுடுநீர்த் தொட்டிக்கு முன்னால் பொருத்தலாம். 80 டிகிரி நீர் தகட்டின் மறுபக்கம் ஓடுகிறது என்பதால், கலப்பு வால்வு இல்லாமல் விடக் கூடாது; குழாயில் 49 டிகிரிக்கு மேல் வரக் கூடாது என்பது இங்கே சட்டம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் வேறு யாரிடமும் விடாமல் வெப்பமானியோடு நின்று பார்ப்பேன்.

பம்ப்பைப் பாய்லரின் அடிமட்டத்தில், தண்ணீரின் எடை அதன் மேல் நிற்கும்படி வையுங்கள். அழுத்தமில்லாத அமைப்பில், உயரத்தில் வைத்த பம்ப் கொதிநிலை நெருங்கிய தண்ணீரை இழுக்கும்போது ஆவி கட்டி உறுமும். ஒவ்வொரு கருவிக்கும் இரு பக்கமும் மூடும் வால்வு வேண்டும். அலமாரியில் ஒரு மாற்றுப் பம்ப் இருக்கட்டும். அது பழுதாவது எப்போதும் சனிக்கிழமை இரவில்தான்.

இன்னொன்று: திரும்பி வரும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே பாய்லருக்குள் நுழையக் கூடாது. குளிர்ந்த நீர் வந்தால் அடுப்பறைச் சுவர் வியர்க்கும். வியர்வையும் புகையும் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். திரும்பும் வழியில் வெப்பக் கலப்பு வால்வு ஒன்று இதைப் பார்த்துக்கொள்ளும்.

பட்டறைத் தளம்

பட்டறையைப் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் தளத்துக்குள் குழாய் பதியுங்கள். காற்று ஊதும் சூடாக்கி மரத்தூளைக் கிளப்பிவிடும். வார்னிஷ் அடித்த கதவில் அது வந்து ஒட்டும். தளச்சூட்டில் காற்று அசைவதில்லை.

கீழே சரளைக்கல், அதன் மேல் ஈரத்தடைத் தாள், அதன் மேல் இரண்டங்குல நுரைப்பலகை. தளத்தின் விளிம்பிலும் நுரைப்பலகை நிற்க வேண்டும். சூடு அதிகம் கசிவது ஓரத்தில்தான். பிறகு கம்பி வலை, அதில் அரையங்குலப் பெக்ஸ் குழாயை ஓரடி இடைவெளியில் வளைத்துக் கட்டுவது. ஒரு சுற்று 300 அடிக்கு மேல் போக வேண்டாம்; 1,200 சதுர அடிக்கு நான்கு அல்லது ஐந்து சுற்று. கான்கிரீட் ஊற்றுமுன் குழாயில் காற்றழுத்தம் ஏற்றி, ஊற்றி முடியும்வரை அழுத்தமானியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முள் இறங்கினால் அப்போதே கண்டுபிடித்து ஒட்டலாம், மறுநாள் முடியாது.

தச்சர்களுக்கு மட்டும் ஒரு சொல். பெரிய மேசை வாளும் தூள் உறிஞ்சியும் எங்கே நிற்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அவற்றின் ஆணிகள் இறங்கும் இடத்தில் குழாயை விலக்கி ஓட்டுங்கள். எல்லாச் சுற்றுகளையும் சுவரிலிருந்து அளந்து படம் எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு புதிய இயந்திரம் வரும்போது, துளைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தை வெறித்துப் பார்க்க வேண்டியிருக்காது.

தளத்துக்கு 80 டிகிரி நீர் ஆகாது. கலப்பு வால்வால் 35 முதல் 40 டிகிரிக்கு இறக்கி விட வேண்டும். இந்தச் சுற்றைத் தகட்டு வெப்ப மாற்றியால் பாய்லர் நீரிலிருந்து பிரித்து, உள்ளே புரோப்பிலீன் கிளைகோல் 40 சதவீதம் கலந்து ஓட்டுகிறேன். அது -20 டிகிரிவரை உறையாது. கான்கிரீட் சூடாக ஒரு பகல், ஆற ஒரு பகல் ஆகும்; இரவில் குறைத்துக் காலையில் ஏற்றும் விளையாட்டெல்லாம் இங்கே செல்லாது. 15 டிகிரியில் விட்டுவிடுங்கள். கால் சூடாக இருப்பதால் அதுவே போதும், வெள்ளைப் பசையும் ஒழுங்காகப் பிடிக்கும். பலகையை மட்டும் நேரே தரையில் கிடத்தாதீர்கள். அடிப்பக்கம் காய்ந்து, ஒரே வாரத்தில் வளைந்துவிடும்.

தண்ணீர்

பாய்லர்கள் தீயால் சாவதைவிடத் தண்ணீரால் சாவது அதிகம். திறந்த அமைப்பில் காற்றும் இரும்பும் சுடுநீரும் சேர்ந்தால் துருதான். உற்பத்தியாளர் சொல்லும் துருத்தடுப்பு மருந்தைக் கலந்து, ஆண்டுக்கு ஒருமுறை மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். பல நிறுவனங்கள் உத்தரவாதத்துக்கே இதைக் கேட்கின்றன. அடிக்கடி நீர் குறைந்தால் மேலே ஊற்றிக்கொண்டே போகாமல் ஒழுகல் எங்கே என்று பாருங்கள்.

விறகு

எமரால்டு ஆஷ் துளைப்பான் என்னும் பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட்டிலும் விண்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு தென் ஒன்ராறியோவின் ஆஷ் மரங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. வேலியோரம் நின்றபடி காய்ந்த ஆஷ் மரங்களை வெட்டிக்கொள்ளச் சொல்லும் நிலக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆஷ் நல்ல விறகு. பச்சையிலேயே ஈரம் குறைவு, நேராகப் பிளக்கும். ஆனால் செத்த ஆஷ் நொறுங்கும். வெட்டும்போது மேற்கிளை எச்சரிக்கையில்லாமல் முறிந்து தலையில் விழும். பழக்கமில்லாதவர்கள் வெட்டத் தெரிந்தவருக்குக் காசு கொடுத்துவிடுங்கள். வண்டு விறகோடு பயணம் செய்யும் என்பதால் தூரத்து விறகை ஏற்றி வராதீர்கள், இங்கேயே எரியுங்கள்.

மேப்பிள், பீச், ஓக் எல்லாம் நல்லவை. ஓக் காய இரண்டு கோடை வேண்டும். பாப்ளரில் ஒரு கார்டுக்கான வெப்பம் மேப்பிளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனக்கு அது இளவேனில் விறகு.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஒரு புஷ் கார்டு பச்சை மேப்பிளில், காய்ந்ததைவிட ஏறக்குறைய 400 கிலோ தண்ணீர் கூடுதல். அதை ஆவியாக்க ஆகும் வெப்பம் 300 யூனிட் அளவுதான், அது பெரிய நட்டமில்லை. பெரிய நட்டம் வேறு: அந்த ஆவி அடுப்பறையைக் குளிரவைப்பதால் கீழறை 1,000 டிகிரிக்கு ஏறாது; வாயு எரியாமல் தாராக வெளியேறும். வாயுவாக்கப் பாய்லரைக் குறை சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் ஈர விறகைப் போட்டவர்கள்.

ஈரமானியை விறகின் முனையில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. முனை எப்போதும் காய்ந்தே இருக்கும். ஒரு துண்டை அப்போதே பிளந்து, உள்முகத்தின் நடுவில், நாரோட்டத்தில் குத்துங்கள். ஊசி இறங்கும் இடத்தில் எண் 28 என்று வந்தால் அந்த அடுக்கு அடுத்த ஆண்டுக்கு. கருவி இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள்: காய்ந்தது "கணீர்" என்னும், ஈரம் "தொப்" என்னும்.

குளிர்காலத்தில் வெட்டி, மார்ச் முடியுமுன் பிளந்து அடுக்கிவிடுங்கள். சரக்குப் பலகைகளின் மேல், நிலத்தில் படாமல், ஒற்றை வரிசையாக, காற்று வரும் பக்கம் முகம் காட்டி. மேல் மட்டும் மூடு; பக்கங்களைத் தார்ப்பாயால் சுற்றினால் விறகு வியர்த்துக் காளான் பிடிக்கும்.

வண்ணம் பூசியது, மருந்தேற்றிய பலகை, பிளைவுட், குப்பை எதையும் போடாதீர்கள். என் பட்டறையில் மிஞ்சும் சுத்தமான மேப்பிள் துண்டுகள் தீ மூட்ட உதவும்; மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைத் துண்டுகள் குப்பைக்கே போகும், எவ்வளவு ஆசை வந்தாலும்.

தீ வளர்ப்பது

கதவைத் திறப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விசிறியை நிறுத்துங்கள். புகை நேரே புகைபோக்கிக்குப் போகும் மாற்று வழியைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள். கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து, பக்கவாட்டில் நின்று, உள்ளே காற்று இழுபடும் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு முழுதாகத் திறக்கலாம். தேங்கிய வாயுவுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் தீ வாசல் வழியாகப் பாயும். புருவம் போகும், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு போகும். நைலான் மேற்சட்டையோடு விறகு போடாதீர்கள்.

தணலைக் கிளறித் துளைக்கு மேல் சமமாகப் பரப்பி, சிறு துண்டுகள் அடியில், பெரியவை மேலே, இடைவெளி குறைவாக அடுக்குங்கள். எவ்வளவு போடுவது என்பதை அடுப்பறையின் கொள்ளளவு முடிவு செய்யக் கூடாது, வானிலை அறிக்கை முடிவு செய்ய வேண்டும். -5 டிகிரி என்றால் அரை அறை. -25 என்றால் காலையும் இரவும் நிறைய.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து, மரத்திலிருந்து விலக்கி வையுங்கள். உள்ளே தணல் பல நாள் உயிரோடு இருக்கும். ஆறிய சாம்பல் தோட்டத்துக்கு நல்லது, உருளைக்கிழங்குப் பாத்தியைத் தவிர. மண் காரமானால் கிழங்கில் சொறி வரும். மே மாதம் கடைசித் தீ அணைந்ததும் அடுப்பறையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புகைபோக்கிக்கு மூடி போடுங்கள். கோடையின் ஈரத்தில் ஊறும் சாம்பல், குளிர்காலத்துத் தீயைவிட இரும்பைக் கெடுக்கும். தண்ணீரை வடிக்க வேண்டாம், நிறைந்தே இருக்கட்டும்.

மின்சாரம் போனால், ஊருக்குப் போனால்

2025 மார்ச் கடைசியில் வந்த உறைமழைப் புயலில் ஒரில்லியா, பீட்டர்பரோ, எங்கள் கவார்த்தா லேக்ஸ் எல்லாம் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பம்ப் நின்றால் பாய்லரில் தண்ணீர் கொதிக்கும். தீ அணைந்துவிட்டால் அதே தண்ணீர் உறையும். பம்ப்புக்கும் விசிறிக்கும் சேர்த்து 150 வாட் போதும் என்றால், 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி ஒன்று நான்கு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் ஒரு சிறு ஜெனரேட்டர் வேண்டும். முறையான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு இணைப்பில் செருகாதீர்கள். கம்பத்தில் வேலை செய்பவரைக் கொன்றுவிடுவீர்கள்.

ஜனவரியில் கலியாணம் என்று யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டி வந்தால், தீயை அணையவிட்டு, பம்ப்புகளை மட்டும் ஓடவிட்டுப் போகலாம். புரோப்பேன் ஃபர்னஸ் வீட்டுக் காற்றைச் சூடாக்கும்போது அதன் மேல் பெட்டியிலுள்ள வெப்ப மாற்றி தலைகீழாக வேலை செய்து, பாய்லர் நீருக்குக் கொஞ்சம் சூட்டை அனுப்பி அதை உறையாமல் காக்கும். கூடுதல் புரோப்பேன் செலவாகும்; பாய்லர் உறைந்து விரிசல் விடுவதைவிட மலிவு. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் சாவி கொடுத்து, நாளுக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். வடிக்க வேண்டிய வால்வில் சிவப்பு நாடா கட்டி, பம்ப் நின்றால் முதலில் எதை மூடுவது, பிறகு எதைத் திறப்பது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் பண்ணைக்காரர் இதற்குக் கூலியாகப் பணம் வாங்குவதில்லை. நான் கொடுக்கும் மேப்பிள் விறகையும் வேண்டாம் என்பார். அவர் கேட்பது மனைவி பொரிக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸை. போவதற்கு முன் இரண்டு தட்டு செய்து, அவர் வீட்டு உறைபெட்டியில் வைத்துவிடுவோம்.